கயிறு கிழித்த இடம்

ஜூலை 3, வியாழன்

இன்று டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அம்மாவிடம் இல்லை, என்னிடம். நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த ஆத்திரத்தில் தூக்கம் வரவில்லை. தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக என் பாய் வரைக்கும் விழுகிறது. அம்மா புரண்டு படுத்தால் நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே என் உடம்பு பெரியவளாக அவசரப்பட்டது. வயதுக்கு மீறி வருகிறது, நிறுத்தி வைக்க வேண்டும் என்று பாண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தொடையில். முதல் ஊசி அன்று நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு நர்ஸுகள் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டு முடித்ததும் "சமத்துப் பொண்ணு" என்று சாக்லேட் கொடுத்தார்கள். அமுக்கிப் பிடிக்கப்பட்டவள் எப்படிச் சமத்து ஆனாள்? அந்தச் சாக்லேட்டை நான் தின்றேன். அதுதான் இன்னும் கோபம்.

அப்பாவுக்கு இந்த ஊசி என்னவென்று தெரியாது. அவர் டிப்பர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். "புள்ளைக்கு ரத்தம் கம்மி, சத்து ஊசி" என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அம்மாவின் அண்ணன் ஏழுமலை மாமாவிடமும் அதே பொய்தான்.

இன்று டாக்டர் ஷாகிரா ஊசியை எடுக்கவில்லை.

"சங்கவி, இந்த ஊசி என்ன பண்ணுதுன்னு நீயே சொல்லு பாப்போம்."

"நான் பெரியவளா ஆகறத தள்ளி வெக்கிது."

"நிறுத்தினா?"

"மறுபடி ஆரம்பிக்கும்."

"உடனேவா?"

"தெரியல."

"உடனே இல்ல. நீ வயசுக்கு வர அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட ஆவலாம். இப்ப உனக்குப் பதினொண்ணு. உன் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஆரம்பிச்சிருக்கும். அதனால நிறுத்திடலாம்னு நான் நெனைக்கிறேன். கொஞ்ச நாள் தொடரணும்னாலும் பேசலாம், ஆனா எலும்பைக் கவனிச்சுக்கணும். உனக்கு என்ன வேணும்?"

அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ சின்னப் புள்ள மேடம், அவளுக்கு என்னா தெரியும். போட்டுடுங்க."

"ஏம்மா போடணும்? காரணம் சொல்லுங்க."

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "இன்னிக்குப் போடல. பதினேழாம் தேதி வாங்க. அவங்கப்பாவும் வரணும். இவளும் யோசிச்சிட்டு வரணும்."

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊசி வேண்டும். ஏன் வேண்டும் என்பதைத்தான் டாக்டரிடம் சொல்ல முடியவில்லை. கயிறு என்று சொன்னால் சிரித்திருப்பார்.

ஜூலை 4, வெள்ளி

கயிற்றில் இன்று தலைகீழாக நின்றேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைக் கவ்வி, கைகளை விட்டுவிட்டு. பி.டி. மாஸ்டர் "எறங்குடி போதும்" என்றார். கம்பத்திலும் கயிற்றிலும் வித்தை காட்டும் மல்லர்கம்பத்துக்கு, பத்தொன்பதாம் தேதி எங்கள் பள்ளி மைதானத்திலேயே மாவட்ட அணித் தேர்வு. கயிற்றுப் பிரிவில் எங்கள் பள்ளியிலிருந்து நான் மட்டும்தான்.

ஜூலை 6, ஞாயிறு

மாமா நுங்கோடு வந்தார். எனக்கு நுங்கு பிடிக்கும் என்று தெரிந்து வாங்கி வருகிறவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆனாலும் கோபம்தான்.

"என்னா மருமவளே, இன்னும் கயித்துலதான் தொங்கறியா? எம்மவன் எழிலரசனுக்கு ஒரு கொரங்கக் கட்டி வெக்கிற மாதிரி ஆயிடும் போலக்கீதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும். எழிலுக்குப் பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பைக்கில் சுற்றுகிறான். அவனை நான் அத்தான் என்று கூப்பிட வேண்டுமாம். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பிறகு மாமா குரலைத் தாழ்த்தி அம்மாவிடம், "ஏம்மா பூங்காவனம், இவ கூடப் படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம், நம்ம வினிதாவுக்குச் செஞ்ச மாதிரி, சடங்கே முடிஞ்சிடிச்சி. புள்ளைக்கு ஏதாச்சும் கொறை கிறை..." என்றார்.

"ரத்தம் கம்மிண்ணே" என்றாள் அம்மா, நுங்கைத் தோண்டிக்கொண்டே.

வினிதா அக்கா மாமாவின் மகள். எனக்குக் கயிறு கற்றுக்கொடுத்ததே அவள்தான். மாநிலப் போட்டிக்குப் போனவள். வயதுக்கு வந்தாள், ஓலைக் குச்சில் உட்கார வைத்தார்கள், வெளியே வந்த பிறகு கயிற்றைத் தொடவே விடவில்லை. "பெரிய பொண்ணு காலத் தூக்கிக்கினு தொங்குமா?" என்றார் மாமா. பள்ளிக்கூடமும் கொஞ்ச நாளில் நின்றது. போன வருடம் கல்யாணம், அவளுக்குப் பதினாறு. பத்திரிகையில் வயது போடுவதில்லை.

இப்போது தெரிகிறதா எனக்கு ஏன் ஊசி வேண்டும் என்று?

ஜூலை 8, செவ்வாய்

பாத்திரம் தேய்க்கும்போது அம்மாவிடம் சொன்னேன். ஊசியை நிறுத்த வேண்டாம், அப்பாவிடம் பேசு என்று.

"உன்ன யாருடி கேட்டா?"

"டாக்டர் கேட்டாங்க."

"டாக்டரு கேப்பாங்க, ஊட்ல வந்து ஒதை வாங்குவாங்களா? உங்கப்பாவக் கூட்டிக்கினு போய் மூணு வருசமா நான் பொய் சொன்னன்னு சொல்றதா? உங்க மாமனுக்குத் தெரிஞ்சா, எங்க ஊட்டு மருமவளோட கர்ப்பப்பைய கெடுத்துட்டியான்னு கேப்பான். போதும். நிறுத்திடலாம்."

"எனக்கு வேணும்மா."

"சின்னப் புள்ள மாதிரி இரு."

எட்டு வயதில் வேண்டாம் என்றேன், ஆறு கை பிடித்து அமுக்கிப் போட்டார்கள். பதினொரு வயதில் வேண்டும் என்கிறேன், உன்னை யார் கேட்டது என்கிறார்கள். நான் என்ன சொன்னாலும் அது தப்பான பதில்தான் போலிருக்கிறது.

சாம்பலோடு கையைக் கழுவாமல் எழுந்து போய்விட்டேன். மிச்சப் பாத்திரத்தை அம்மாவே தேய்த்தாள்.

ஜூலை 11, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

சாயங்காலம் பயிற்சியில் உச்சியிலிருந்து வழுக்கினேன். கயிறு தொடையின் உள்பக்கமாக ஓடி, தோலை உரித்துக்கொண்டு போய்விட்டது. மாஸ்டர் கீழே பிடித்துக்கொண்டார். வெளியில் தெரியவில்லை என்பதால் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். அரைக்கால் சட்டைக்கு மேலே யூனிபார்ம் பாவாடையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தெருக்குழாயில் எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை குடத்தோடு நின்றாள். என் பாவாடையின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஏ பூங்காவனம்! ஓடியாடி! உம்பொண்ணு உக்காந்துட்டாடி!"

வயதுக்கு வந்துவிட்டாள் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். "இல்லத்தே, கயிறு கிழிச்சிடுச்சி" என்றேன்.

"பாரு, புள்ளைக்கு வெக்கத்த!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"நெசமாத்தான். காட்டட்டுமா?" என்று பாவாடையைப் பிடித்தேன். கன்னியம்மா அத்தை என் கையில் பட்டென்று அடித்தாள். "சீ! மூடு! இனிமே இந்த மாதிரில்லாம் பேசக் கூடாது."

ஒருத்தி பார்த்திருந்தால் போதும். புண் எங்கே, ரத்தம் எங்கே என்று ஒரே ஒருத்தி பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பார்க்க வெட்கம். தெருவைக் கூட்டிக் குலவை போட வெட்கம் இல்லை.

அம்மா வந்தாள். அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், ஊசி உடம்பில் இருக்கும்போது இது வராது என்று. நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னியம்மா அத்தை சொம்பை நீட்டினாள். அம்மா வாங்கி மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.

அது வழிந்து புண்ணில் இறங்கியபோது நான் கத்தினேன். அதற்கும் குலவை போட்டார்கள்.

ஜூலை 12, சனி

குச்சில் இருக்கிறேன். குச்சு என்றால் வாசல் ஓரமாகப் பச்சைத் தென்னை ஓலையில் கட்டிய குடிசை, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். தாய்மாமன்தான் கட்ட வேண்டும். மாமா ராத்திரியோடு ராத்திரியாக ஓலை வெட்டி வந்து பாட்டுப் பாடிக்கொண்டே கட்டினார்.

தனித் தட்டு, தனித் தம்ளர். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். மத்தியானம் உளுந்தங்களி. வாந்தி எடுத்தேன்.

அப்பா கல்குவாரியிலிருந்து வந்துவிட்டார். சடங்கு முடியும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். ஓலைக்கு அந்தப் பக்கம் நின்று, "சங்கு, உனுக்கு என்னா கலர்ல பட்டுப் பாவாட வேணும்?" என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டது இதுதான் முதல் தடவை. "அப்பா, எனக்கு வரல, கயிறு கிழிச்சிடுச்சி" என்றேன். அவர் நகர்ந்துவிட்டார். பெண்கள் விஷயத்தை ஆம்பளை காதில் போட்டதற்காக அஞ்சலாட்சி அத்தை, மாமாவின் மனைவி, வந்து திட்டிவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். அதனால் புதன்கிழமையே சடங்கு.

ஜூலை 13, ஞாயிறு

ராத்திரி அம்மா குச்சுக்குள் ஊர்ந்து வந்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டு வந்திருந்தாள். செல்போன் வெளிச்சத்தில் புண்ணைப் பார்த்தாள். "எவ்ளோ நீளம்" என்றாள். ஊதி ஊதித் தடவினாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லிட்டு எங்கடி போறது?" அவள் குரல் வெளியே கேட்காதபடி இருந்தது. "கேளு. இது ஒரு வகைல நல்லதுக்குத்தான். சடங்கு முடிஞ்சிட்டா அப்புறம் எவளும் உன்ன எட்டிப் பாக்க மாட்டா. நெசமா வர்றப்ப நமக்குள்ள வெச்சிக்கலாம். நான் உக்காந்தப்ப எனக்குப் பன்னெண்டு. மணையில தூங்கிட்டன். எழுப்பி எழுப்பி மால போட்டாங்க. போனாப் போவுதுன்னு நெனச்சிக்க."

"கயிறு?"

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"எழில்?"

"அதுக்கு இன்னும் நாள் கெடக்கு."

"எவ்ளோ நாள்?"

அவள் ஊர்ந்து வெளியே போய்விட்டாள். மாமா கட்டிய ஓலை ரொம்ப நெருக்கமான பின்னல். நிலா வெளிச்சம் ஊசிமுனை அளவுகூட உள்ளே வரவில்லை. அம்மாவின் செல்போனை அவள் மறந்து விட்டுப் போயிருக்கிறாள். அல்லது மறக்கவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

ஜூலை 14, திங்கள்

வினிதா அக்கா எனக்குத் தலை வாரிவிட வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. புடவையை வயிற்றின் மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். குனிய முடியாமல் மூச்சு வாங்கினாள்.

நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் என் நடையைப் பார்த்தே, "எங்க கிழிச்சது? உள்தொடையா?" என்றாள்.

காட்டினேன். அவள் விரலால் தொடாமல், கோட்டின் மேலே காற்றில் வரைந்தாள். "மேலேர்ந்து சறுக்கியிருக்கற. கால் பூட்டு சரியா போடல, கயித்த ரெண்டு சுத்து சுத்தி இறுக்கணும். எனக்கும் இங்கியே இருக்குது ஒரு தழும்பு." பிறகு சுதாரித்து என்னைப் பார்த்தாள். "அப்ப உனுக்கு வரவே இல்லியா?"

"இல்லக்கா."

"சொன்னியா?"

"எல்லார்கிட்டயும்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டாள். "எனுக்கு நெசமாவே வந்திச்சி" என்றாள். "அதனால சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சி."

அப்புறம் பின்னலை நெற்றி இழுக்கும் அளவுக்கு இறுக்கமாகப் போட்டாள். கோபத்தில் போட்ட பின்னல். என்மேல் இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. என் முகத்தை வெள்ளையாக்கி, உதட்டில் சிவப்புப் பூசி, தலைக்கு மேல் கிரீடம் வைத்திருக்கிறார்கள். மூலையில் வட்டத்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட எழில். கீழே "அன்பு அத்தான்".

ஜூலை 16, புதன்

நான் செய்துவிட்டேன்.

பந்தலில் கூட்டம். மாமா தாம்பாளங்களைத் தலையில் வைத்து மேளத்தோடு வந்தார். என்னை மணையில் உட்கார வைத்தார்கள். கழுத்து நிறைய மாலை. அப்பா கடைசியில் என் முகத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதே பேச்சு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம். அவ்வளவு பேர்.

மைக் செட்டு அண்ணன்தான் மாட்டிவிட்டார். "இப்போது சீர் கொண்டு வந்த தாய்மாமனுக்கு நம்ம பாப்பா நன்றி சொல்லும்!" என்று மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"நான் வயசுக்கு வரல" என்றேன். என் குரல் நாலு பக்கமும் இருந்து திரும்பி வந்தது. "கயித்துல தொடை கிழிஞ்சிடுச்சி. நான் சொன்னேன். யாருமே பாக்கல. அம்மாவுக்குத் தெரியும்."

அண்ணன் மைக்கைப் பிடுங்கினார். கூட்டம் முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளை மாட்டிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று சொல்லிவிடுவாள், புள்ளைக்கு வெட்கம் என்று சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "ஆமா" என்றாள். "அவ சொல்றது நெசம். மூணு வருசமா நாந்தான் பாண்டிக்குக் கூட்டிக்கினு போய் ஊசி போட்டுக்கினு வரன். வயசுக்கு முந்தி வரக் கூடாதுன்னு. ரத்தம் கம்மின்னு சொன்னதெல்லாம் பொய்."

கன்னியம்மா அத்தை, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றாள். தூக்கி எறிய என்னிடம் மாலை மட்டும்தான் இருந்தது.

மாமா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார், தாம்பாளங்களைப் பார்த்தார், பந்தியைப் பார்த்தார். "வந்தா என்னா, வராட்டி என்னா?" என்றார். "எல போட்டாச்சி. ஊரு கூடியாச்சி. சடங்குன்னா சடங்குதான். டேய் மைக்கு, பாட்டப் போடுடா!"

பாட்டைப் போட்டார்கள். எனக்கு ஆரத்தி சுற்றினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள்.

என் உடம்பு தேவையே இல்லை அவர்களுக்கு. நான் வெறுமனே மணையில் உட்கார்ந்தால் போதும். இதற்குப் பயந்தா இத்தனை நாள் ஊசி வேண்டும் என்று அழுதேன்?

ராத்திரி உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூலை 17, வியாழன்

அப்பா வரவில்லை. விடியும் முன்பே லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னை எழுப்பி, "கெளம்பு" என்றாள். அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டதற்குப் பல் வலி என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும், "நீ என்னா சொல்லப் போற டாக்டர்கிட்ட?" என்றாள்.

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?"

"ஆமா" என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

டாக்டர் அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பக்கத்து அறையிலிருந்து கவுன்சலிங் பண்ணும் ஒரு அக்காவைக் கூப்பிட்டு அம்மாவோடு தனியாகப் பேசச் சொன்னார். நானும் டாக்டரும் மட்டும் இருந்தோம். போன தடவை கேட்டதையே மறுபடி கேட்டார்.

இந்த முறை நான் கேட்டேன். "வயசுக்கு வந்தா கயிறு ஏறலாமா?"

"அன்னிக்கே ஏறலாம். வலி இருந்தா ரெஸ்ட் எடு, இல்லன்னா ஏறு."

"கயிறு ஏறினா கர்ப்பப்பை கெட்டுப்போவுமா?"

"போகாது."

"ஊசி போட்டுக்கிட்டே இருந்தா எனக்குக் கல்யாணம் பண்ண மாட்டாங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதுக்கு இந்த ஊசில மருந்து இல்ல சங்கவி" என்றார். "யார் கல்யாணம் பேசுறாங்க?"

சொன்னேன். எழில், மாமா, ஃப்ளெக்ஸ், வினிதா அக்கா, அவள் வயது, எல்லாம். டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு அந்த அக்கா என்னிடமும் பேசினாள். ஆபத்து என்றால் கூப்பிட ஒரு போன் நம்பர் கொடுத்தாள். அம்மா அதைப் "பால்காரர்" என்று பதிந்துகொண்டாள்.

கடைசியாக டாக்டர், "சரி, ஊசிக்கு வருவோம்" என்றார்.

"வேண்டாம்" என்றேன். எட்டு வயதில் சொன்ன அதே வார்த்தை. யாரும் காலைப் பிடிக்கவில்லை.

"யோசிச்சியா?"

"ஆமா. எனக்குப் பெரியவளா ஆகறதுல பயம் இல்ல. அவங்கமேலதான் பயம்."

ஜூலை 19, சனி

ராத்திரி முழுக்க மழை. மைதானம் சேறு. கயிற்றுக்குக் கீழே மெத்தை போட முடியாது, அடியில் விரிக்க ஏதாவது கொண்டு வாருங்கள் என்று மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் அந்த ஃப்ளெக்ஸ் சுருட்டி வைத்திருந்தது. நான் ஒரு நுனியைப் பிடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் மறுநுனியைப் பிடித்துத் தூக்கினாள். தெரு வழியாக எடுத்துப் போனோம். குழாயடியில் கன்னியம்மா அத்தை குடத்தை நகர்த்தி வழி விட்டாள்.

மாஸ்டர் அதைச் சேற்றில் விரித்தார். யாரோ சிரித்தார்கள். கிரீடம் வைத்த என் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் மெத்தை போட்டார்கள். அது சின்ன மெத்தை, மூலை வட்டம் மட்டும் வெளியே தெரிந்தது.

ஏறினேன். புண் மறுபடி பிரிந்துவிட்டது, எரிச்சலில் தெரிந்தது. பூட்டை வினிதா அக்கா சொன்ன மாதிரி போட்டேன். உச்சியில் கைகளை விட்டேன். அங்கிருந்து பார்த்தால் சாலையில் ஒரு டிப்பர் லாரி நின்றது. எல்லா டிப்பரும் ஒரே மஞ்சள்தான். அப்பாவுடையதா என்று தெரியவில்லை. அது அவருடையதாக இருந்தால் இன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்றும் தெரியவில்லை. இப்போது எழுதும்போதும் வாசலில் சத்தம் கேட்டால் நோட்டை மூடிவிடுகிறேன்.

ஆனால் இறங்கும்போது கடைசியில் கயிற்றை ஆட்டி, மெத்தையை விட்டுத் தள்ளிக் குதித்தேன். தப்பு என்று மதிப்பெண் குறைத்தார்கள். குறைக்கட்டும். இரண்டு குதிகாலும் சரியாக அன்பு அத்தானின் கறுப்புக் கண்ணாடியில் இறங்கின.